பதினாலு வருசச் சாவி

வேண்டாம் சார், நீங்க குடிங்க. பஸ்ல ஏறிட்டா நான் தண்ணிய வாயில வைக்கிறதில்ல. சர்க்கரை இருக்கு. குடிச்சா அரை மணி நேரத்துல முட்டும். கண்டக்டர்கிட்ட நிப்பாட்டச் சொன்னா, ‘மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு போயிப் பாத்துக்க பெருசு’ம்பான். அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கறது இருக்கே, அது நரகம் சார். கண்ணு ரெண்டும் பூத்துப்போகும். அதுக்கு நாக்கு வறண்டு கெடந்தாலும் தேவல.

ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீகளே? நீங்க கல்வித்துறை ஆளு இல்லையே? இல்ல, மடியில பைலு, சட்டைப் பையில ரெண்டு பேனா, அதான் கேட்டேன். இப்பல்லாம் யாரு என்னன்னே தெரிய மாட்டேங்குது. போன மாசம் ஒருத்தரு பிள்ளையச் சேக்க வந்தவரு கணக்கா வந்து பள்ளிக்கூடத்த ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுப் போனாரு. பின்னால விசாரிச்சா, ஆபீசராம். என்ன, ஈ.பி.யா? அப்பச் சரி. கரண்டு ஆளுகளோட எனக்கு ஒரு வம்பும் இல்ல.

எம்பேரு பெரியணன். எங்க ஊரு மேல்நிலைப்பள்ளியில ஆபீஸ் அசிஸ்டெண்ட். பியூனும்பாக, சொல்லிட்டுப் போகட்டும். முப்பத்தொரு வருச சர்வீசு. இன்னும் ஒண்ணரை வருசத்த ஓட்டிட்டா மாலையப் போட்டு வீட்டுல கொண்டாந்து விட்டுருவாக. இப்ப மருதைக்கு எதுக்குப் போறேன்னா, எம்மக நாகஜோதி பெரியாஸ்பத்திரியில படுத்திருக்கா. ஒரே மக. ஏழு மாசம். வயித்துப் பிள்ளைக்கு இப்போதைக்கு ஒண்ணுமில்லையாம், இவளுக்குத்தான் கிட்னியில கோளாறுங்கறாக. எங்க வீட்டுக்காரி பஞ்சவர்ணம் நாலு நாளா அங்கதான் கெடக்குறா. எனக்கு இன்னைக்குச் சனிக்கிழமைன்னுதான் வர முடிஞ்சுச்சு. லீவு போடலாந்தான். போட்டா இத யாரு பாத்துக்கறது?

இந்தா, இதுதான். வாங்கிப் பாருங்க... இல்ல, வேண்டாம், எங்கையிலயே இருக்கட்டும். பித்தளைச் சாவி. எங்க பள்ளிக்கூடத்துப் பொம்பளைப் பிள்ளைக கக்கூசுச் சாவி. சிரிக்காதீக சார். இந்தச் சாவிக்குத்தான் எட்டு மாசமா என்னையச் சுத்தி ஒரு பெரிய வேலை நடந்துக்கிட்டிருக்கு. திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள இத எச்.எம். மேசையில வைக்கணுமாம். வைக்கலைன்னா பூட்டை ஒடைச்சிட்டு எனக்கு மெமோவாம்.

மொதல்லருந்து சொல்றேன், அப்பத்தான் வெளங்கும். பதினாலு வருசத்துக்கு முன்னால அந்தக் கட்டடத்தக் கட்டுனாக. நாலு ரூமு. செவுத்துல பாதி ஒசரத்துக்கு ரோஸ் கலர் டைல்சு. மேல தண்ணித்தொட்டி. அப்ப எச்.எம்.மா இருந்தவரு சுப்புராயலு சார். தங்கமான மனுசன். தொறப்பு விழா முடிஞ்ச கையோட சாவிய எங்கிட்டக் குடுத்து, ‘பெரியணா, இது ஒம் பொறுப்பு. ஆபீசருக எப்ப வந்தாலும் பளிச்சுன்னு இருக்கணும். நம்ம மானம் ஒங்கையில’ன்னு சொன்னாரு. எத்தனையோ வாத்தியாரு இருக்க, எங்கையில குடுத்தாரு சார். அன்னைக்கு இடுப்புல ஏறுனது.

சொன்னா நம்ப மாட்டீக. பதினாலு வருசத்துல ஒரு டைல்சு ஒடையல. ஒரு கொழா ஒழுகல. செவுத்துல ஒரு கிறுக்கல் கெடையாது. இன்ஸ்பெக்சன்னு தகவல் வந்துச்சுன்னா முந்தின நாளே தொறந்து, பினாயில் ஊத்தித் தேச்சு, புதுச் சோப்பு ஒண்ணு வச்சு, வாசல்ல கோலப்பொடி கூடப் போட்டிருக்கேன். ஆபீசர் எட்டிப் பாத்துட்டு, ‘எந்தப் பள்ளிக்கூடத்துலயும் இப்படிப் பாத்ததில்லையே’ம்பாரு. ‘கழிப்பறை மிகத் தூய்மை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தத சுப்புராயலு சாரு கண்ணாடி போட்டு மாட்டி வச்சாரு. அவக போனப்பறம் சோப்ப எடுத்து உள்ள வச்சிட்டுப் பூட்டிருவேன். ஒரு சோப்பு நாலு இன்ஸ்பெக்சனுக்கு வரும்.

பிள்ளைகளா? பிள்ளைகளுக்குத் தொறந்து விட்டா அது கக்கூசாவா இருக்கும்? எரநூத்திச் சொச்சம் பொம்பளைப் பிள்ளைக சார். ரெண்டே நாளுல நாறிப்போகும். அடுத்த ஊரு பள்ளிக்கூடத்துல அப்படித்தான் தொறந்து விட்டு நாசமாப் போச்சு. பின்னால கருவேலங்காடு இருக்கு, அவசரம்னா அங்க போகப் போறாக. அதுவும் பெரிய பிள்ளைக போகாது, ஆம்பளைப் பையக கிரிக்கெட் ஆடுற பக்கம். அதுக நாலு பத்துக்குப் பெல்லடிச்சதும் வீட்டப் பாத்து ஓடுங்க. என்னா ஓட்டம்! எங்க பள்ளிக்கூடத்துப் பொம்பளைப் பிள்ளைகளுக்கு வீட்டு மேல அம்புட்டுப் பாசம்.

இப்படி ஒரு கொறையும் இல்லாம ஓடிக்கிட்டிருந்துச்சு. போன ஜூன்ல இந்தம்மா வந்துச்சு. தமயந்தி. எச்.எம். மருதைக்காரம்மா. புதுசா வர்ற எச்.எம். மொதல்ல என்ன கேக்கணும்? ரிசல்ட் என்னன்னு கேக்கணும், ஸ்டாப் எத்தனை பேருன்னு கேக்கணும். இந்தம்மா கைப்பையக் கூடக் கீழ வைக்கல. நேரா எங்கிட்ட வந்து, ‘பெரியணன், இங்க பொம்பளைப் பிள்ளைக எங்க போகுதுக?’ங்குது. எங்க போகும்? ‘வீட்டுக்குப் போகும்மா, நாலு பத்துக்கு’ன்னேன். என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. திட்டுனாத் தாங்கிக்கலாம் சார், அப்படி ஒரு பார்வை. அப்பவே எனக்குத் தட்டிருச்சு, இது சும்மா வந்த ஆளு இல்ல, எதையோ மனசுல வச்சுக்கிட்டு வந்திருக்குன்னு.

அடுத்த நாளு பாத்தா கருவேலங்காட்டுக்குள்ள நோட்டும் கையுமா நிக்குது. எச்.எம்.முக்குக் காட்டுக்குள்ள என்ன வேலை? போன எடுத்துப் படம் வேற. யாருக்கு அனுப்புது, எதுக்கு அனுப்புது? எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. அப்பறம் ஒண்ணொண்ணா ஆரம்பிச்சிருச்சு. படிக்கிற எடம் நல்லா இருந்தாத்தான் படிப்பு வருமாம். ஆணியடிச்சு மூடிக் கெடந்த ஜன்னலையெல்லாம் தொறந்துச்சு. கடைசி பெஞ்சே இருக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் வட்டமாத் திருப்பிப் போட்டுச்சு. வாத்தியாருககிட்ட இருந்த பிரம்பையெல்லாம் வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிருச்சு. பிரம்பப் பூட்டணுமாம், கக்கூசத் தொறக்கணுமாம். எந்த ஊரு நாயம் சார் இது?

அதோட விட்டுச்சா? தண்ணி பெல்லுன்னு ஒண்ணக் கொண்டு வந்துச்சு. பதினோரு மணிக்கு ஒண்ணு, மூணு மணிக்கு ஒண்ணு. நான் பெல்லடிக்கணும், பிள்ளைக எந்திரிச்சு ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடிக்கணும். முப்பத்தொரு வருசமாப் பெல்லடிக்கிறேன், தண்ணி குடிக்கறதுக்குப் பெல்லடிச்சதில்ல. சரி, சம்பளம் வாங்குறோம்னு அடிச்சேன். ஆம்பளைப் பையக மடக்கு மடக்குன்னு குடிக்குறாய்ங்க. பொம்பளைப் பிள்ளைக டம்ளர ஒதட்டுல ஒத்தி எடுக்குதுக, அம்புட்டுத்தான். தொண்டை அசையாது. வராண்டாவ ஒட்டி ரெண்டு பக்கமும் குரோட்டன்ஸ் வச்சிருக்கோம். ஆம்பளைப் பையக கிளாசுப் பக்கம் உள்ளது குச்சி குச்சியா நிக்கும். பிள்ளைக பக்கம் உள்ளது தளதளன்னு இடுப்பு ஒசரத்துக்கு வளந்து கெடக்கு.

ஒரு நாளு அந்தம்மா அந்தச் செடிகிட்டயே நிக்குது, ரொம்ப நேரமா. குனிஞ்சு மண்ணத் தொட்டுப் பாத்துச்சு. ஈரம். ‘பெரியணன், இதுக்கு மட்டும் யாரு தண்ணி ஊத்துறது?’ன்னு கேட்டுச்சு. நல்ல பேரு கெடைக்கட்டுமேன்னு, ‘நாந்தாம்மா’ன்னேன். ‘இல்ல’ன்னுச்சு. அம்புட்டுத்தான், ‘இல்ல’. ஒரு செடி நல்லா வளந்தா அதுக்கு ஒரு எச்.எம். கண் கலங்குமா சார்? நடிப்பு. இதுல என்னமோ இருக்குன்னு எனக்கு அன்னைக்கு உறுதியாப் போச்சு.

மறுநாளே சாவியக் கேட்டுச்சு. தொலைஞ்சு போச்சும்மான்னேன். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி கேட்டுச்சு. ஸ்டோர் ரூம் பழைய சாவி ஒண்ண எடுத்துக் குடுத்தேன். அது அரை நாளு அந்தப் பூட்டோட மல்லுக்கட்டிட்டு வந்து, ‘இது அது இல்ல, பெரியணன்’னு மரியாதையாத் திருப்பிக் குடுத்துச்சு. கோவமே இல்ல. கோவம் வராத ஆள நம்பவே கூடாது சார், அது என் அனுபவம். மூணாந்தடவ கேட்டப்ப நான் பெத்தவக சங்கத் தலைவருகிட்டப் போனேன். ‘ஐயா, தாழ்ப்பா போட்ட ரூமுக்குள்ள வயசுப் பிள்ளைக என்ன பண்ணும், யாரு கண்டா? போனு கீனு கொண்டு வந்து பேசுச்சுன்னா யாரு பொறுப்பு?’ன்னு ஒரு வார்த்த போட்டு வச்சேன். ஊரு பூராப் பத்திக்கிச்சு. நாலு மாசம் அந்தம்மாவால ஒண்ணும் பண்ண முடியல.

பூட்ட ஒடைக்கலாம்ல, ஏன் ஒடைக்கலன்னு கேப்பீக. அங்கதான் எனக்கு டவுட்டே. ‘ஒடைச்சுத் தொறந்தா நாளைக்கு வேற பூட்டு வந்துரும். நீங்களே உங்க கையால தொறந்து விடணும் பெரியணன், நீங்களே பாத்துக்கணும். உங்களவிட யாரு சுத்தமா வச்சுக்குவா?’ன்னுச்சு. எதுக்கு எங்கையால? நாளைக்கு ஒரு கொழா ஒடைஞ்சா, ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தா, தொறந்து விட்டவன் பெரியணன்னு எழுதிட்டுப் போயிரலாம்ல? ரிட்டயர் ஆகப் போறவன மாட்டி விடுறதுக்கு இதவிட நல்ல வழி உண்டா?

இந்தப் புதங்கிழமை வந்துச்சு வினை. காலையில பிரேயர். ஆறாப்புப் பிள்ளை ஒண்ணு, முனீஸ்வரின்னு பேரு, நின்னாப்புல சாஞ்சிருச்சு. தூக்கிட்டு வந்து ஆபீசுல படுக்க வச்சோம். ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. தண்ணியக் குடுத்தா வாய இறுக்கி மூடிக்கிடுச்சு சார். ‘வேண்டாம் டீச்சர், வேண்டாம் டீச்சர், சாயங்காலம் வரைக்கும் இருக்கணும்’னு அழுகுது. காலையில எந்திரிச்சதுலருந்து ஒரு சொட்டுக் குடிக்கலையாம். தெனமும் அப்படித்தானாம். பிடிவாதக்காரப் பிள்ளை போல.

அந்தம்மா என்னைத் திட்டும்னு பாத்தேன். நானும் நாலு பதிலு தயாரா வச்சிருந்தேன். அது என்னடான்னா என் ஸ்டூலுக்கு எதுக்கத் தரையில வந்து உக்காருது. எச்.எம். தரையில! ‘உங்க பொண்ணும் இங்கதான படிச்சுச்சு, பெரியணன்? ஆறாப்புலருந்து பன்னெண்டாப்பு வரைக்கும்? அது எங்க போச்சு?’ன்னு கேக்குது.

எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. என் சர்வீசப் பத்திப் பேசு, எம்மகளப் பத்தி உனக்கென்ன பேச்சு? எழுந்து நின்னு சொல்லிட்டேன். ‘அம்மா, எம்மக அடக்கமான பிள்ளை. ஏழு வருசத்துல ஒருநாளு, ஒரே ஒருநாளு கூட, அப்பா அவசரம்னு வந்து கேட்டதில்ல. பியூன் மகங்கறதுக்காக அவளுக்கு மட்டும் தொறந்து விட்டா ஊரு என்ன பேசும்? என் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நாயம், ஊரு பிள்ளைக்கு ஒரு நாயம்னு நான் வச்சதில்ல’ன்னேன். ‘திங்கக்கிழமை பத்து மணி வரைக்கும் பாப்பேன், அப்பறம் பூட்ட ஒடைக்கிறதத் தவிர வழியில்ல, உங்களுக்கும் மெமோ’ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு.

நெசமா சார், நான் அவளுக்காகத் தொறந்ததே இல்ல. ஒம்பதாப்பு படிக்கிறப்ப ஒரு நாளு ஆபீஸ் வாசல்ல வந்து நின்னா. ஒரு கால் மேல ஒரு கால வச்சு நிக்கிறா. கண்ணு என் இடுப்பையே பாக்குது. ‘என்னடா?’ன்னேன். ‘ஒண்ணுமில்லப்பா’ன்னா. ‘அப்பக் கிளாசுக்குப் போ’ன்னேன், போயிட்டா. சொன்ன பேச்சு கேக்குற பிள்ளை. என்ன, சூட்டு உடம்பு. சின்னதுலருந்தே அடிக்கடி காய்ச்சலு. நீர்க்கடுப்புன்னு சுருண்டு படுத்துக்குவா. எங்க வீட்டுக்காரி பார்லித் தண்ணி காய்ச்சிக் குடுப்பா, எளநி வெட்டிக் குடுப்பேன். பத்தாப்புப் பரீச்சைக்குப் பத்து நாளு இருக்கறப்ப அனலாக் கொதிச்சுச்சு. அவ அம்மா வழியில எல்லாருக்கும் சூட்டு உடம்புதான்.

இப்பக் கேளுங்க, இதான் முக்கியம். புதங்கிழமை அந்தம்மா அப்படிக் கேட்டுச்சா? வெயாழக்கிழமை ஆஸ்பத்திரியில டாக்டரம்மா, சின்னப் பொண்ணு, ஸ்கேன் படத்த வச்சுக்கிட்டு பஞ்சவர்ணத்துக்கிட்டக் கேட்டிருக்கு: ‘ஒரு கிட்னி சுருங்கிப் போயிருக்கும்மா. இது இன்னைக்கு வந்தது இல்ல, சின்ன வயசுலருந்து திரும்பத் திரும்பக் கிருமி ஏறிக் கெட்டுருக்கு. தண்ணி குடிக்காம, அடக்கி அடக்கி வச்சாளா? படிச்ச பள்ளிக்கூடத்துல கக்கூசு இருந்துச்சா?’ இவ வெவரம் கெட்டவ, ‘எங்க வீட்டுக்காரருகிட்டத்தான் சாவியே இருக்கு’ன்னு பெருமையாச் சொல்லியிருக்கா. அந்த டாக்டரு எழுதுன பேனாவ மூடி வச்சிருச்சாம்.

கவனிச்சீகளா சார்? புதங்கிழமை அது, வெயாழக்கிழமை இது. ரெண்டு பேரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே கேள்வி! எப்படி? இதுவும் மருதை, அதுவும் மருதை. ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கும். இல்லைன்னா போன்ல பேசியிருக்கும். எம்மக ஒடம்ப வச்சு எங்கிட்டருந்து சாவியப் புடுங்கப் பாக்குறாக. நான் அசருவனா?

நேத்து மகளுக்குப் போன் போட்டேன். பாவம், படுத்துக் கெடக்குறாளே, கொஞ்சம் தெம்பாப் பேசுவோம்னு நடந்ததெல்லாம் சொன்னேன். ‘ஜோதி, ஒங்கப்பன் விடலடா. எட்டு மாசம் தலைகீழா நின்னு பாத்துச்சு, சாவி இன்னும் என் இடுப்புலதான் இருக்கு’ன்னேன். சத்தமே இல்ல. ஹலோ, ஹலோன்னு கத்துறேன். சிக்னல் இல்லையோன்னு வெளிய எந்திரிச்சு வந்தேன். மூச்சு மட்டும் கேக்குது. சிரிச்சாளா, அழுதாளா, தெரியல. ஒருவேள சிரிச்சிருப்பா.

அப்பறம் மெதுவா, ‘அப்பா, நாளைக்கு வர்றப்ப அந்தச் சாவிய எடுத்துட்டு வாங்க. எங்கையில ஒருதடவ வச்சுப் பாக்கணும்’னா. ‘உனக்கெதுக்குடா அது?’ன்னேன். ‘கொண்டு வாங்கப்பா, பிள்ளை பெறக்கறதுக்குள்ள’ன்னு சொல்லிட்டு வச்சிட்டா.

அதான் எடுத்துட்டுப் போறேன். கேட்ட ஒடனே எனக்குச் சந்தோசந்தான் சார், படிச்ச பள்ளிக்கூடத்து மேல பிள்ளைக்கு இம்புட்டுப் பாசமான்னு. ஆனா பஸ் ஏறுனதுலருந்து மனசு என்னமோ ஒரு மாதிரியா இருக்கு. அந்தம்மா இவளுக்கும் போன் பண்ணியிருக்குமோ? இல்ல, எம்மக அப்படியெல்லாம் மத்தவக பேச்சக் கேக்குறவ இல்ல. ஏழு வருசம் வாயத் தொறந்து கேக்காத பிள்ளை, இப்ப இந்த நெலமையில படுத்துக்கிட்டு எதுக்கு இதக் கேக்குறா? நீங்க படிச்சவக, சொல்லுங்க. எதுக்கா இருக்கும்?

என்ன சார்? நீங்களும் ஏன் அந்தம்மா பாத்த மாதிரியே பாக்குறீக?